பேப்பர் பாலம் விழட்டும்

போன பகுதியைக் கேட்ட சில ஆசிரியர்கள், "மாடல் செய்றதுன்னா தெர்மாகோல் வாங்கணும், செலவாகுது, கடைசியில பெற்றோர்தான் செஞ்சு அனுப்புறாங்க"ன்னு சொல்லியிருந்தாங்க. உண்மைதான். அதனால இன்றைக்கு பழைய செய்தித்தாளில் பாலம் கட்டுறதைப் பற்றிப் பேசுறேன். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு இரண்டு வருஷம் செய்தேன். முதல் வருஷம் நான் ஒரு தப்பு பண்ணினேன். அதையும் சொல்லிடுறேன்.

முதலில் குழல். செய்தித்தாளில் ஒரு பக்கத்தை எடுத்து, ஒரு மூலையில் குடைக்கம்பியை வெச்சு, எதிர் மூலை வரைக்கும் இறுக்கமா உருட்டணும். கடைசி மூலையில் மட்டும் பசை. கம்பியை உருவிட்டா நீளமான குழல் கிடைக்கும். மெலிந்த இரண்டு முனைகளையும் வெட்டிவிட்டு, நடுவில் 25 செ.மீ. அளவில் இரண்டு எடுக்கலாம். குடைக்கம்பி முனையில் டேப் சுற்றிடுங்க, கையில் குத்தும். பசைக்கு மைதாவே போதும். போஸ்டர் ஒட்டுறவங்க பூச்சி வராம இருக்க மயில்துத்தம் கலப்பாங்க. அது விஷம், பிள்ளைங்க கைக்கு வேண்டாம். அன்றைக்குக் காய்ச்சினதை அன்றைக்கே தீர்த்துடுங்க.

தளர்வா உருட்டின குழல் அழுத்தினதும் மடங்கிடும். இதை நான் சொல்லலை. இரண்டு குழலைத் தரையில் நிறுத்தி உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கச் சொன்னேன், அவ்வளவுதான். அதுக்கப்புறம் உருட்டினதை அவங்களே பிரிச்சு மறுபடி உருட்டினாங்க.

பாலத்துக்கு ஒரு பக்கத்துக்கு மூன்று சதுரம், அப்படி இரண்டு பக்கம், நடுவில் இணைக்க எட்டு. மொத்தம் 28 குழல். முனைகளைத் தட்டையா நசுக்கி, ஒன்றின் மேல் ஒன்றா வெச்சு சணலால் கட்டணும். இரண்டு பெஞ்சுக்கு நடுவில் 60 செ.மீ. இடைவெளி. மேலே அட்டை போட்டு, பாடப்புத்தகங்களை ஒவ்வொன்றா அடுக்கணும்.

இப்போ என் தப்பு. முதல் வருஷம், மறுநாள் பள்ளிக்குப் பார்வையாளர்கள் வர்றதா தகவல். ஒரு குழுவின் பாலம் மூன்று புத்தகத்துக்கே நடுவில் தொங்கிப்போச்சு. பிள்ளைங்க வீட்டுக்குப் போனதும் நான் உட்கார்ந்து எல்லா முடிச்சையும் அவிழ்த்துக் கட்டினேன். சதுரங்களுக்குக் குறுக்கே குழல் வெச்சேன். மறுநாள் 14 புத்தகம் தாங்கிச்சு. எல்லாரும் கைதட்டினாங்க. அந்தக் குழுவில் இருந்த ஒரு பொண்ணு மட்டும் பாலத்தையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. கூட்டம் கலைஞ்சதும் மெதுவா வந்து, "டீச்சர், எங்க பாலம் எங்கே?"ன்னு கேட்டுச்சு.

நான் ஏதோ சொல்லிச் சமாளிச்சேன். அடுத்த வாரம் வேறொரு வேலை கொடுத்தப்போ, அதே பிள்ளைங்க குச்சியையும் சணலையும் கொண்டு வந்து என் மேசையில் வெச்சாங்க. "நீங்களே கட்டிக் கொடுங்க டீச்சர், நீங்க கட்டினாதான் நிக்கும்." அவங்க சொன்னதில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு.

அடுத்த வருஷம் கையைப் பின்னால் கட்டிக்கிட்டேன். நிஜமாவே. எல்லாப் பாலமும் விழுந்துச்சு. "எது முதல்ல அசைஞ்சுது?"ன்னு மட்டும் கேட்டேன். இரண்டு நாள் முடிச்சு மேல பழி போட்டாங்க, பசை மேல போட்டாங்க. மூன்றாம் நாள் ஒரு பையன் ஒற்றைச் சதுரத்தைக் கையில் வெச்சுச் சாய்ச்சுப் பார்த்து, "முடிச்சு அவிழல டீச்சர், கட்டமே சாயுது"ன்னான். முக்கோணம் கட்டிப் பார்த்தாங்க. சாயலை. தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வெச்சு அர்விந்த் குப்தா செஞ்சு காட்டினதும் இதேதான். நாலு தீக்குச்சி இருந்தா உங்க மேசையிலயே பார்த்துடலாம்.

உடனே எல்லாரும் குறுக்கே குழல் வைக்கப் பார்த்தாங்க. 25 செ.மீ. குழல் எட்டலை. அளந்தா 35 வந்துச்சு. ஏன் 35ன்னு ஒரு பொண்ணு கேட்டுது. பித்தாகரஸை ஐந்தாம் வகுப்பில் எடுக்க வேண்டாம்னு விட்டுட்டேன். ஆனா கட்டத்தாளில் வரைஞ்சு அளந்து பார்க்கச் சொன்னேன்.

ஒரு குழுவுக்குப் பேப்பர் தீர்ந்துபோச்சு. அவங்க சதுரத்துக்குக் குறுக்கே சணலையே இழுத்துக் கட்டினாங்க. ஒரு பக்கம் தள்ளினா நிக்குது, மறுபக்கம் தள்ளினா சணல் தொளதொளன்னு ஆகி சதுரம் சாயுது. கயிறு இழுத்தா தாங்கும், தள்ளினா தாங்காது. இது என் பாடக்குறிப்பிலேயே இல்லை! அப்புறம் அந்தக் குழு இரண்டு மூலைக்கும் சணல் கட்டி, பெருக்கல் குறி மாதிரி ஆக்கிச்சு. எந்தப் பக்கம் தள்ளினாலும் நின்னுச்சு.

அதுக்கப்புறம்தான் படம் காட்டினேன். பாம்பனில் 1914இல் திறந்த பழைய ரயில் பாலம், கப்பலுக்காகத் தூக்குற பகுதி. முக்கோணங்களை எண்ண ஆரம்பிச்சாங்க. மறுநாள் செல்போன் டவர், கரண்ட் டவர், ஒருத்தர் வீட்டுத் தட்டி கேட்ல இருக்கிற குறுக்குக் கட்டைன்னு வரிசையா வந்துச்சு. முதலிலேயே படத்தைக் காட்டியிருந்தா அதைப் பார்த்து அப்படியே செஞ்சிருப்பாங்க.

அந்த வருஷம் அதிகமா தாங்கினது 9 புத்தகம். நான் கட்டினது தாங்கினதைவிட ஐந்து குறைவு.

நேரத்தைப் பற்றியும் கேட்பீங்க. ஐந்து நாள், தினம் ஒரு மணி நேரம் ஆச்சு. நீட்டல் அளவை, கோணம், கணக்கில் பாதிப் பாடம் அதிலேயே முடிஞ்சுது. தமிழுக்கு, விழுந்த கதையை எழுதச் சொன்னேன்.

அந்தப் பாலம் பீரோ மேலேயே இருந்துச்சு. நவம்பர் மழையில் காகிதம் ஈரம் இழுத்து, புத்தகமே இல்லாம நடுவில் தொய்ஞ்சுபோச்சு. பிள்ளைங்க அதைக் கீழே இறக்கச் சொன்னாங்க. நான் சரிபண்ணப் போறேன்னு நினைச்சு ஒரு பையன் என் கையைப் பிடிச்சுக்கிட்டான். "நீங்க தொடாதீங்க டீச்சர், எது முதல்ல நனைஞ்சுதுன்னு பார்க்கணும்."