கைநூலில் எழுதிய வாக்கு

(இளைப்பாறிய உத்தியோகத்தரும் கமக்காரரும் கூடியிருந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இன்று நியூயோர்க் நகரத்துக் கிழவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "நம்முடைய ஊர்க் கிழவர்களின் பாடே பெரும்பாடாக இருக்கிறது, அப்புக்காத்து அமெரிக்காவுக்கு ஏன் போகிறார்?" என்று பின்வரிசையிலே ஓர் ஐயா பக்கத்திலிருப்பவருக்குச் சொல்வது நமக்குக் கேட்காமலில்லை. நியாயமான கேள்விதான்.

உழைக்கும் காலத்திலே அரசாங்கம் உத்தியோகத்தனுக்குச் சொல்லும் வாக்கு, அவன் இளைப்பாறிய பின்னர் உரிமையா, தயவா? இக்கேள்வி நமக்குப் புதியதன்று. எழுதுவினைஞர் கோடீஸ்வரன் சிங்களப் பரீட்சையில் தேறவில்லை என்று அவருடைய சம்பள உயர்ச்சி நிறுத்தப்பட்டபோது, அரசாங்க ஊழியன் தன் சம்பளத்துக்காக முடியின்மீது வழக்காடவே முடியாது என்று 1967 இல் நம் நாட்டு உயர் நீதிமன்றம் சொல்லிற்று. முடியும் என்று 1969 இல் கோமறைக் கழகம் தீர்த்தது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற பெரிய கேள்விக்கு அக்கழகம் விடை சொல்லாமலே விட்டது வேறு கதை. சம்பளம் பிச்சையன்று என்பது அன்று நிலைநாட்டப்பட்டது. ஆயின், சம்பளம் நின்று ஓய்வூதியம் வரும் காலத்திலே, நோயும் முதுமையும் ஒருங்கே வரும் காலத்திலே, வைத்தியச் செலவைப் பற்றிச் சொல்லப்பட்ட வாக்கு யாது ஆகும்? இந்த வழக்கைத்தான் நியூயோர்க் நகரசபையின் இளைப்பாறிய ஊழியர்கள் இரண்டரை இலட்சம் பேர் 2021 ஆம் ஆண்டு முதல் நடத்தினார்கள். ஆசிரியர், தீயணைப்போர், பொலிசார், எழுதுவினைஞர், தெருக் கூட்டியோர் என்று எல்லோரும் அதில் அடங்குவர். அவர்கள் நீதிமன்றத்திலே வென்றார்கள், பின்னர் தோற்றார்கள், தோற்ற பின்னரும் காரியத்தைக் காத்துக்கொண்டார்கள். அது எப்படி என்பதே நாம் சொல்ல வந்தது.

முதலில் அந்த நாட்டு ஏற்பாட்டைச் சற்றே விளங்கிக்கொள்ளவேண்டும். நம் நாட்டிலே நோயாளி அரசாங்க வைத்தியசாலைப் படியேறினால் அவனிடம் காப்புறுதி அட்டை கேட்பாரில்லை. மருந்துத் தட்டுப்பாடு உண்டு, கட்டில் தட்டுப்பாடு உண்டு. ஆனால் வாசலிலே பணம் கேட்பதில்லை. அமெரிக்காவில் நிலை அதுவன்று. 65 வயதானோருக்கென 1965 ஜூலை 30 ஆம் திகதி ஜனாதிபதி ஜோன்சன் கைச்சாத்திட்ட சட்டத்தினால் மெடிக்கெயார் என்ற அரசாங்கக் காப்புறுதி பிறந்தது. முன்னாள் ஜனாதிபதி ட்ரூமனுக்கே முதல் அட்டை வழங்கப்பட்டது. அக்காப்புறுதியின் ஏ பகுதி வைத்தியசாலைச் செலவுக்கு. பீ பகுதி வைத்தியரின் கட்டணத்துக்கு. பீ பகுதிக்கு மாதத் தவணைப் பணம் உண்டு. 1966 இல் அது 3 டொலர்; 2025 இல் 185 டொலர்.

இதில் சேர்வதற்கும் ஒரு காலம் உண்டு. 65 வயது நிரம்பும் மாதம், அதற்கு முன் மூன்று மாதம், பின் மூன்று மாதம், ஆக ஏழு மாதம். நம் ஊரிலே சோதிடர்தாம் பிறந்த மாதத்தை இவ்வளவு நுணுக்கமாகக் கேட்பார்! உழைக்கும் இடத்திலே வேறு காப்புறுதி உள்ளவருக்கு விலக்கு உண்டு. மற்றவர் எவராவது தவறவிட்டால், பிந்திய ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் நூற்றுக்குப் பத்து வீதம் தண்டம். ஒருமுறை கட்டித் தீர்க்கும் தண்டமன்று அது; பீ பகுதியில் இருக்கும் காலம் முழுவதும் கூடவே வரும். இரண்டு ஆண்டு பிந்தியவர் 2025 ஆம் ஆண்டுத் தவணைப்படி மாதம் 37 டொலர் கூடுதலாகக் கட்டவேண்டும். கடிதம் வாசிக்கக் கண் மங்கிய வயதிலே, ஒரு கடிதத்தை வாசிக்கத் தவறியதற்கு ஆயுட்காலத் தண்டம்.

சேர்ந்த பின்னரும் முழுச் செலவும் கிடைப்பதில்லை. வைத்தியர் கட்டணத்தில் நூற்றுக்கு 80 வீதத்தைத்தான் பீ பகுதி பெரும்பாலும் கொடுக்கும். எஞ்சிய 20 வீதத்துக்கு உச்சவரம்பே கிடையாது. நூறு டொலருக்கு இருபது என்றால் சமாளிக்கலாம். இலட்சம் டொலருக்கு இருபதாயிரம் என்றால் வீடு வளவை விற்கவேண்டியதுதான்.

இந்த இருபது வீதப் பள்ளத்தை நியூயோர்க் நகரசபை நிரப்பி வந்தது. ஊழியருக்கும் இளைப்பாறியோருக்கும் வைத்தியக் காப்புறுதிச் செலவை நகரமே தாங்கும் என்ற விதி 1967 முதல் அந்நகரச் சட்டத்திலே இருந்து வருகிறது. மெடிக்கெயார் கொடாததைக் கொடுக்க "சீனியர் கெயார்" என்ற துணைக் காப்புறுதி இருந்தது. அதற்கு இளைப்பாறியோர் தவணைப் பணம் கட்டியதில்லை. பீ பகுதிக்கு அவர்கள் கட்டும் பணத்தையும் நகரம் மீளளித்தது. மீளளித்த விதத்தையும் சொல்லவேண்டும்: 2025 ஆம் ஆண்டுக் கணக்கிலே மாதந்தோறும் ஓய்வூதியரின் பணத்தில் 185 டொலர் கழிந்தது, ஆண்டுக்கு 2,220 டொலர். அது அடுத்த ஆண்டிலேதான் மொத்தமாகத் திரும்பும். வருமானம் கூடியவரென்று மெடிக்கெயார் கூடுதலாக அறவிட்டிருந்தால், அதைப் பெறத் தனி விண்ணப்பம், தனிக் கடிதப் பிரதிகள். தம் பணத்தையே நகரத்துக்கு வட்டியில்லாக் கடனாகக் கொடுத்துவிட்டு, அதைத் திருப்பிக் கேட்க அத்தாட்சி காட்டவேண்டிய நிலை. இங்கே கச்சேரி வாசலிலே நின்று களைத்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. எனினும் பணம் வந்தது. வாக்கு நின்றது.

2021 இல் காற்று மாறிற்று. இளைப்பாறியோர் அனைவரையும் "மெடிக்கெயார் அட்வான்டேஜ்" என்ற வேறு ஏற்பாட்டுக்கு மாற்ற நகரம் முனைந்தது. இவ்வேற்பாட்டிலே மத்திய அரசாங்கம் தலைக்கு இவ்வளவு என்று தனியார் கம்பனிக்குப் பணத்தைக் கொடுத்துவிடும். கம்பனி வைத்தியச் செலவைப் பார்த்துக்கொள்ளவேண்டும். செலவு குறைந்தால் மிச்சம் கம்பனிக்கு. நகரத்துக்கோ ஆண்டுக்கு 60 கோடி டொலர் மிச்சமாகும் என்றார்கள். தொழிற்சங்கங்களின் கூட்டுக் குழுவும் வாக்கெடுத்து ஒப்புக்கொண்டது. பணியிலிருப்போரின் சம்பளப் பேச்சோடு இந்தச் சேமிப்பு ஏற்கனவே முடிச்சுப் போடப்பட்டிருந்தது. முடிச்சுப் போட்ட மேசையிலே இளைப்பாறியோருக்கு ஆசனம் இருக்கவில்லை. நாற்பது ஆண்டு சந்தா கட்டிய சங்கம், அவர்கள் வீட்டுக்குப் போனதும் அவர்களைக் கேளாமலே அவர்களுடைய கட்டிலை விற்றது!

அட்வான்டேஜ் ஏற்பாட்டில் நன்மையே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். கைச்செலவுக்கு ஆண்டு உச்சவரம்பு அதில் உண்டு. கண்ணுக்கும் பல்லுக்கும் பல திட்டங்களில் உதவி உண்டு. மெடிக்கெயார் பெறுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் இன்று அதில்தான் இருக்கிறார்கள். ஆயின் அதிலே கம்பனியின் பட்டியலிலுள்ள வைத்தியரிடமே பெரும்பாலும் போகவேண்டும். பெரிய சிகிச்சைக்குக் கம்பனியிடம் முன்னனுமதி பெறவேண்டும். மத்திய சுகாதாரத் திணைக்களத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் 2022 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆராய்ந்து பார்த்த முன்னனுமதி மறுப்புகளிலே நூற்றுக்கு 13, மெடிக்கெயார் விதிகளின்படி கொடுத்திருக்கவேண்டியவை. வைத்தியர் வேண்டும் என்கிறார். விதியும் வேண்டும் என்கிறது. கம்பனியின் மேசை வேண்டாம் என்கிறது. விரும்பித் தெரிந்தெடுத்தவர் அந்த மேசைக்கு முன்னால் நிற்கட்டும். விரும்பாதவரை அங்கே இழுத்துக்கொண்டுபோய் நிறுத்துவது நீதியாகுமா?

"விரும்பாதோர் பழைய திட்டத்திலேயே இருக்கலாம், மாதம் 191 டொலர் கட்டினாற் போதும்" என்றது நகரம். இதுவரை ஒரு சதமும் கட்டாத திட்டத்துக்கு!

கிழவர்கள் எழுந்தார்கள். தீயணைப்புத் திணைக்களத்தின் அவசர வைத்திய சேவையிலிருந்து இளைப்பாறிய மரியான் பிட்சிட்டோலா என்ற பெண்மணி அவர்களுக்குத் தலைமை தாங்கினார். சங்கங்கள் கைவிட்டதால் புதிய அமைப்பொன்று கண்டார்கள். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்த சிறு சிறு நன்கொடைகளால் வழக்குச் செலவு திரட்டினார்கள். 2022 மார்ச்சிலே நீதிபதி லைல் ஃபிராங்க், 1967 ஆம் ஆண்டு விதியைச் சுட்டி, 191 டொலரை அவர்களிடம் அறவிட முடியாது என்று தீர்த்தார். (அவர் அமர்ந்த முதல்நிலை நீதிமன்றத்துக்கு அந்த மாநிலத்திலே உயர் நீதிமன்றம் என்று பெயர், பெயரைக் கண்டு மயங்கவேண்டாம்.) அத்தீர்ப்பு மேலே போன இடங்களிலும் நின்றது. விதியையே மாற்றுவோம் என்று நகரசபையிலே ஒரு சட்டமூலம் கொண்டுவந்தார்கள். 2023 ஜனவரியில் நடந்த பகிரங்க விசாரணைக்குக் கிழவர்கள் திரண்டு சென்றார்கள், சட்டமூலம் நிறைவேறவில்லை.

நகரம் வேறு வழி தேடிற்று. 2023 மார்ச்சிலே இன்னொரு கம்பனியோடு உடன்படிக்கை செய்து, பழைய திட்டத்தையே எடுத்துவிடப் பார்த்தது. மீண்டும் வழக்கு, மீண்டும் அதே நீதிபதி ஆகஸ்ட் மாதத்தில் தடை விதித்தார், 2024 மேயில் மேன்முறையீட்டுப் பிரிவு அதை ஒருமுகமாக ஏற்றது.

இந்த இரண்டாம் வழக்கிலே முதியோரின் முக்கிய வாதம் யாது? பல்லாண்டுகளாக நகரம் அவர்களுக்கு ஒரு கைநூல் கொடுத்து வந்தது. மெடிக்கெயார் கிடைத்ததும் நகரத்தின் திட்டம் அதற்குத் துணையாக நின்று எஞ்சியதைக் கொடுக்கும் என்ற கருத்து அதிலே எழுதப்பட்டிருந்தது. அதை நம்பித்தான் குறைந்த சம்பளத்திலும் நகரத்துக்கு உழைத்தோம் என்றார்கள். ஒருவர் தெளிவாகக் கொடுத்த வாக்கை நம்பி மற்றொருவர் தம் வாழ்க்கையை அமைத்துக்கொண்டால், வாக்குக் கொடுத்தவர் பின்வாங்கக்கூடாது என்பது சட்டத்திலே பழைய கொள்கை. ஆயின் 2025 ஜூன் 18 ஆம் திகதி மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. கைநூல், இருக்கும் ஏற்பாட்டை விவரித்ததேயன்றி, ஆயுள் முழுவதும் அது மாறாது என்று வாக்களிக்கவில்லை என்றது.

சட்டம் படித்தவர் என்ற முறையிலே அத்தீர்ப்பு பிழை என்று நாம் துணிந்து சொல்லமாட்டோம். விவரிப்பது வேறு, வாக்களிப்பது வேறு என்பது உண்மையே. ஆனால் ஒன்றை மட்டும் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை. கைநூலை எழுதியவர்கள் நகரத்தின் உத்தியோகத்தர்கள். வாசித்தவர்கள் தெருக் கூட்டியோரும் பள்ளி ஆசிரியரும். எழுதியவன் தன் சொல்லிலே சந்து வைத்திருந்தால், அதன் நட்டத்தை வாசித்தவன் சுமப்பதா?

நான்கு ஆண்டுப் போராட்டம் அன்றோடு முடிந்தது என்றே பலரும் எண்ணினார்கள். இரண்டு நாள் கழித்து நகர முதல்வர் அடம்ஸ், அந்த மாற்றத்தை நாம் செய்யப்போவதில்லை என்று அறிவித்தார்! நீதிமன்றத்திலே வென்ற நகரம், வென்ற பொருளைக் கையிலெடுக்கவில்லை. ஏன்? அது தேர்தல் ஆண்டு. அதுமட்டுமன்று. அதற்கு முந்திய ஆண்டு, 2024 ஜூனிலே, ஆசிரியர் சங்கத்தின் இளைப்பாறியோர் கிளைத் தேர்தலில், நீண்டகாலம் ஆண்டுவந்த அணியைக் கிழவர்கள் தோற்கடித்திருந்தார்கள். தோல்வியைக் கண்ட சங்கத் தலைவரே அட்வான்டேஜ் ஏற்பாட்டுக்குக் கொடுத்த ஆதரவை அம்மாதமே மீளப்பெற்றார். வாக்குச்சீட்டு ஒருமுறை விழுந்த இடத்தில் இன்னொரு முறையும் விழும் என்பதை அரசியல்வாதி அறிவான்.

ஆனாலும் அன்று அவர்கள் கைக்குக் கிடைத்தது ஒரு நகர முதல்வரின் வாய்ச்சொல். அடுத்து வருபவரை அது கட்டாது. அதனாலேயே தங்கள் காப்புறுதியைச் சட்டத்தாலே பாதுகாக்கும்படி நகரசபையிடம் கேட்டு வந்திருக்கிறார்கள்.

இனி நம் காரியம். உத்தியோகத்தரின் சம்பளத்திலிருந்து அக்ரஹார காப்புறுதிக்கென மாதந்தோறும் ஒரு தொகை கழிவதை அறிவீர்கள். கமக்காரச் சகோதரர்களுக்கும் இது அந்நியமன்று: 1987 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் கமக்காரர் ஓய்வூதியத்துக்குத் தவணைப் பணம் கட்டி, 60 வயதுவரை காத்திருந்து, நிதி வற்றிச் சிலகாலம் கொடுப்பனவே நின்றதைக் கண்டவர்கள் இம்மண்டபத்திலே இருக்கிறார்கள். அவர்கள் கட்டிய பற்றுச்சீட்டுகள் எங்கே? சிலரிடம் உண்டு, பலரிடம் கறையான் தின்றுவிட்டது.

நியூயோர்க்கிலே வழக்கு நின்றதும் விழுந்ததும் அலுமாரியில் கிடந்த பழைய கைநூலின் சொற்களிலேதான். ஆகவே நம் குழுவினர் ஒரு காரியம் தொடங்கியிருக்கிறோம். உங்கள் நியமனக் கடிதம், சம்பளக் கழிவுச் சீட்டு, காப்புறுதி பற்றி வந்த சுற்றறிக்கைகள், மீளளிப்புக் கேட்டு அனுப்பிய விண்ணப்பத்தின் பிரதி, கமக்காரர் ஓய்வூதியப் புத்தகம் ஆகியவற்றை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தை அன்றே திருப்பித் தருவோம். சிங்களத்தில் மட்டும் வந்த கடிதமென்றாலும் கொண்டுவாருங்கள். வாசித்துச் சொல்ல ஆளுண்டு, தமிழில் தரும்படி எழுதிக் கேட்க விதியும் உண்டு. கேட்ட பணத்தைக் காரணம் சொல்லாமலே மறுத்திருந்தால், 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 35 ஆம் பிரிவு, முடிவினால் பாதிக்கப்பட்டவர் கேட்டால் உத்தியோகத்தர் காரணத்தைச் சொல்லவேண்டும் என்கிறது. அக்கடிதத்தை எழுதித் தருவது நம் பொறுப்பு, கட்டணம் வேண்டாம். வரமுடியாத நிலையிலே படுக்கையிலிருக்கும் அயலவரின் கடிதங்களை, அவர் சம்மதத்தோடு, நீங்களே எடுத்து வாருங்கள். வாசலிலே மேசைமேல் ஓர் ஏடு வைத்திருக்கிறோம். பெயரையும் கிராமத்தையும் இளைப்பாறிய ஆண்டையும் எழுதிவிட்டுப் போங்கள்.