இணையமும் தோட்டப்புறத் தொண்டர்களும்



பல ஆண்டுகளுக்கு முன் நம் தோட்டப் பள்ளிக்கு ஒரு தாய் தம் மகளை அழைத்து வந்தார். ஏழு வயதை எட்டிய அக்குழந்தைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. என்னென்ன சான்றுகளுடன் பதிவிலாகாவுக்குச் செல்வது என்பது நமக்கும் தெரியவில்லை. தோட்டத்துத் தொண்டருக்கும் தெரியவில்லை. அலைந்து திரிந்து பத்திரம் கைக்கு வந்தபோது, குழந்தையின் படிப்பில் ஓராண்டு கழிந்துவிட்டது. அதே வேலையை முந்தைய ஆண்டே செய்து முடித்த ஒருவர் 15 கல் தொலைவிலிருந்த வேறொரு தோட்டத்தில் இருந்தார் என்பதைப் பிறகுதான் அறிந்தோம்.

இத்தகையவர்களை இணையத்தின் வழி ஒன்று சேர்க்க இயலுமா? அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் நடந்ததைக் காண்போம். அங்கே 'ஹெபடைட்டிஸ் சி' எனும் கல்லீரல் நோய்க்குச் சிகிச்சை பெற, சிற்றூர் மக்கள் தொலைதூர நகருக்குச் சென்றனர். அதற்கும் மாதக்கணக்கில் காத்திருந்தனர். 2003ஆம் ஆண்டில் மருத்துவர் சஞ்சீவ் அரோரா 'எக்கோ' என்ற திட்டத்தைத் தொடங்கினார். வாரந்தோறும் குறித்த நேரத்தில் சிற்றூர் மருத்துவ ஊழியர்கள் காணொளி வழியே கூடுவர். ஒருவர் தம் நோயாளியின் நிலையை எடுத்துரைப்பார். பெயரை மட்டும் சொல்லமாட்டார். நிபுணர்களும் சக ஊழியர்களும் வழி கூறுவர். கேட்டிருந்த அனைவருக்கும் அது பாடமாகும். 407 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2011இல் வெளிவந்தது. பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 விழுக்காட்டினரும், சிற்றூர்களிலும் சிறைகளிலும் இருந்த சிகிச்சை நிலையங்களில் 58.2 விழுக்காட்டினரும் குணமடைந்திருந்தனர்.

நம் தோட்டங்களிலும் ஆசிரியர், ஆயா, ஆலயப் பொறுப்பாளர், இளைஞர் மன்றத்தினர் எனத் தொண்டு செய்வோர் உண்டு. பக்கத்துத் தோட்டத்தாருடன் வாரம் ஒரு மணி நேரம் கைப்பேசி வழியே அவர்கள் கூடலாம். சமூக நல அதிகாரி ஒருவரையும் அழைக்கலாம். அலை சரியாகக் கிடைக்காத இடத்தார் குரல் பதிவு அனுப்பலாம்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. ஒருவரின் அடையாள அட்டைப் படத்தையோ குடும்பத் தகராற்றையோ வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால், அது எத்தனை பேர் கைக்குப் போகும் என்று யாரால் சொல்ல முடியும்? உதவி நாடி வந்தவரின் மானத்தைக் காப்பதும் தொண்டே அல்லவா?

பெற்றோர்களே, தீபகற்ப மலேசியாவில் குழந்தை பிறந்த 60 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள். வீட்டில் அடி உதை, ஆதரவற்ற முதியோர் போன்ற இடர்களுக்கு மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் 15999 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

இனியொரு தாய் பள்ளி வாசலில் வந்து நின்றால், "தெரியாது" என்று அனுப்பிவிட மாட்டோம். "தெரிந்தவரை இப்போதே கேட்டுச் சொல்கிறோம், அம்மா" என்போம்.