பேரும் கையெழுத்தும்

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை வழியாக வலப்பனைக்கு இறங்கிச் செல்லும் பாதையில் இருவகைப் பச்சையைக் காணலாம். மேலே மலைச்சரிவெங்கும் தேயிலை. கீழே பள்ளத்தாக்கில் படிப்படியாய் அமைந்த நெல்வயல்கள். இராகலை, ஹைபொரஸ்ட், உடப்புசல்லாவை முதலிய தோட்டப் பகுதிகள் வலப்பனைப் பிரதேசத்தைச் சார்ந்தவை. அங்கு அன்றாடம் வழங்கும் சொற்களுள் 'பேர்' என்பது ஒன்று. பெற்றோர் இட்ட பெயரை மட்டும் அது குறிப்பதன்று. ஒரு நாள் உழைப்புக்குச் செக்ரோலில் பதியப்படும் கணக்கையும் குறிக்கும். குறித்த அளவு கொழுந்து பறித்தவளுக்கு முழுப் பேர். நிறை குறைந்தவளுக்கு அரைப் பேர்.

இந்தப் பேரைப் போடுபவர் கணக்கப்பிள்ளை. பேருக்கு உரியவள் அதை எழுதுவதில்லை. தலைமுறை தலைமுறையாக மலையகத் தாய்மாரின் பெயர் பிறர் கையாலேயே எழுதப்பட்டு வந்தது. தம் பங்காக அவர்கள் வைத்தது பெருவிரல் ரேகை ஒன்றுதான். ஆகவே, ஒரு தாய் மீண்டும் புத்தகத்தைக் கையில் எடுக்கிறாள் என்றால், அதைப் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடலாகாது. தன் பேரைத் தானே எழுதும் உரிமையை அவள் நாடுகிறாள்.

அந்த உரிமை ஏன் இத்துணை காலம் தாழ்ந்து வந்தது? தோட்டப் பிள்ளைகளின் கல்விக்கு வழிசெய்யும் கிராமப் பாடசாலைகள் சட்டம் 1907 ஆம் ஆண்டிலேயே பிறந்தது. ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி தரவேண்டும் என்று அது கூறியது. பத்து வயதோடு படிப்பு முடிந்ததென்றால், அதற்குப் பின் காத்திருந்தது கொழுந்துக் கூடையன்றி வேறென்ன? 1945 இல் நாடு முழுவதற்கும் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பள்ளிகளோ 1970களிலேதான் அரசாங்கத்தின் பொறுப்பில் பெருமளவில் வரத் தொடங்கின. இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ சிறுமியர், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளவென்று வகுப்பிலிருந்து நிறுத்தப்பட்டனர்.

எழுத்தறியாமை வெறும் அறியாமையாக மட்டும் நின்றுவிடவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இல் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. விண்ணப்பம், சான்றிதழ், கடவுச்சீட்டு என ஒரு குடும்பத்தின் தலைவிதியே காகிதத்தில் எழுதப்பட்ட காலம் அது. அக்காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க இயலாத தாய், அதன் அடியில் தன் விரலைப் பதித்தாள். எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை அளிக்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது.

எனினும் அறிவின் வேட்கை அங்கு ஒருபோதும் அவிந்ததில்லை. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சி அம்மையார் தோட்டத் தொழிலாளர்க்காகப் பாடல்கள் இயற்றினார். அவற்றைக் கூட்டங்களிற் பாடினார். 1940 இல் அவை நூலாகவும் வெளிவந்தன. நூலைப் படிக்க இயலாதவர் பாட்டைக் கேட்டுப் பொருளை உணர்ந்தனர். எழுத்துப் போய்ச் சேராத இடத்துக்குச் செவி வழியாகக் கல்வி போய்ச் சேர்ந்தது.

இன்றைய தாய் ஒருத்தியை மனக்கண்ணில் நிறுத்திப் பார்க்கலாம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்ற எண்ணியிருக்கிறாள். அதற்குச் சட்டத்தில் தடையில்லை. தடை கடிகாரத்தில் இருக்கிறது. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பெரட்டுக்குப் போகவேண்டும். மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்தபின் விறகு, தண்ணீர், சமையல். லயத்து அறையில் எல்லாரும் உறங்கிய பிறகே அவளுடைய பள்ளிக்கூடம் திறக்கிறது. 1984 இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் தோட்டத்தில் சமசம்பளம் என்றாயிற்று. ஆனால் மாலை வேளையின் வேலை மட்டும் இன்னும் சமமாகப் பங்கிடப்படவில்லை.

அவளுடைய எண்ணங்கள் எவ்வாறிருக்கும்? நவீன வாழ்க்கை லயத்து வாசலுக்கும் வந்துவிட்டது. கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிது. 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடமே அந்தத் தொலைபேசி வழியாகத்தான் வந்தது. அலை கிடைக்கும் மேட்டைத் தேடிப் பிள்ளைகள் ஏறினார்கள். ஆசிரியர் அனுப்பிய பாடத்தை வாசித்துச் சொல்ல வீட்டில் யார் உண்டு என்ற கேள்வி அன்று பல தாய்மாரின் முன்னே எழுந்தது. பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தவள், தானும் மாணவியானாள். கருவி கைக்கு வந்ததால் மட்டும் கல்வி வந்துவிடாது என்பதை அவள் அன்று கண்டுகொண்டாள். படம் பார்க்க எழுத்து வேண்டியதில்லை. பாடம் படிக்க வேண்டும்.

"இனிப் படித்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர் உண்டு. பிள்ளையைப் படிக்கவைத்தாற் போதாதா என்றும் கேட்பர். தாய் கற்றால் பிள்ளை கற்கும் என்பது மெய்யே. ஆயினும், பிள்ளைக்குப் பயன்படும் என்பதற்காக மட்டும் தாய்க்குக் கல்வி வேண்டும் என்பது அரைப் பேர் போடுவதற்கு ஒப்பாகும். சம்பளத் துண்டில் எதற்காக எவ்வளவு கழித்திருக்கிறார்கள் என்று அவளே பார்க்க வேண்டும். மருந்துப் போத்தலில் உள்ளதை அவளே படிக்க வேண்டும். 1987 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. தமிழில் ஒரு கடிதம் கேட்டுப் பெறும் உரிமை, அதைப் படிக்கத் தெரிந்தவளுக்கன்றோ முழுமையாகப் பயன்படும்?

இது கைகூடாத கனவன்று. தமிழ்நாட்டுப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991 இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கல்லுடைக்கும் பெண்களும் வயலில் உழைக்கும் பெண்களும் மாலை வேளையில் சிலேட்டுப் பிடித்தார்கள். எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். பேருந்துக்கும் ஆண்துணைக்கும் காத்திராமல் தாமே போய்வரும் துணிவு பிறந்தது. எழுத்தும் சக்கரமும் அங்கே ஒரே விடுதலையின் இரு கூறுகளாயின. கேரளத்து ஆலப்புழையில் கார்த்தியாயினி அம்மை என்னும் மூதாட்டி 2018 இல், தமது 96 ஆம் வயதில், எழுத்தறிவுத் தேர்வெழுதி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மதிப்பெண் பெற்றார். அப்படியிருக்க, முப்பது வயதுத் தாயைப் பார்த்துக் காலம் கடந்துவிட்டது என்று சொல்லலாமா?

புதுக்கோட்டைப் பெண்களுக்கு மாலையில் ஒரு மணி நேரமும், கூடிப் படிக்கத் துணையும் கிடைத்தன. வலப்பனைத் தாய்க்கும் வேண்டுவன அவையே. கணவன் ஒரு குடம் தண்ணீர் எடுத்துவந்தால் அரைமணி நேரம் மிச்சமாகும். லயத்திற் படித்த இளைஞனோ யுவதியோ வாரத்தில் இரு மாலை வகுப்பு நடத்தினால் ஐந்தாறு தாய்மார் சேர்வர். பூட்டிக் கிடக்கும் பள்ளி அறை ஒன்றை இரவில் திறந்துவிட்டால் விளக்குக்கும் இடத்துக்கும் குறையிராது. இவற்றில் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதன்று.

சம்பள நாளில் நீண்ட வரிசை நிற்கிறது. அந்தத் தாயின் முறை வருகிறது. மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளுகிறார்கள். அவள் அதை மெல்ல விலக்கிவிட்டுப் பேனாவைக் கேட்கிறாள். எழுத்துச் சற்றே கோணலாக இருக்கலாம். எழுதச் சிறிது நேரமும் ஆகலாம். பின்னால் நிற்பவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். அந்தத் தாளில் முதன்முறையாக அவள் கையாலேயே முழுப் பேர் விழுகிறது.