மண் காத்த வேளாண்மை



வரலாற்று நூல்களில் மன்னர்களையும் போர்களையும் மிகுதியாகப் படிக்கின்றோம். அம்மன்னர்க்கும் படைக்கும் சோறிட்ட உழவனைப் பற்றிப் படிப்பது குறைவு. அவனுடைய வரலாறு எங்கே எழுதப்பட்டிருக்கின்றது? அது குறித்து இன்று சில சொல்ல விரும்புகின்றேன்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரின் வடமேற்கே புதிய குடியிருப்புகளை அமைக்கப் பல்கலைக்கழகத்தார் முற்பட்டனர். கட்டடம் எழும்புமுன் அந்நிலத்தை அகழ்ந்து பார்த்தபோது, ரோமானியர் காலத்து நடவுப் பாத்திகளும் நீர்ப்பாசன ஏற்பாடும் வெளிப்பட்டன. அவை ஏறத்தாழக் கி.பி. 70க்கும் 120க்கும் இடைப்பட்டவை என்னும் செய்தி 2014ஆம் ஆண்டில் வெளிவந்தது. வீடு கட்டுமுன் மண்ணைப் பார்த்தார்கள். ஆகவே பண்டை உழவனைக் கண்டார்கள்.

இனி நம் மாவட்டத்திற்கு வருவோம். தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதியமான் ஆண்ட ஊர். அவன் முன்னோர் கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர் என்ற செய்தியை ஔவையாரின் புறநானூற்றுப் பாடல் ஒன்று கூறுகின்றது. இவ்வளவேனும் நமக்குப் பாட்டால் கிடைத்தது. ஆனால் அதியமானுக்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இம்மேட்டு நிலங்களில் பயிரிட்டவர்களுக்குப் பாட்டுமில்லை, கல்வெட்டுமில்லை. மண் ஒன்றே அவர்கட்குச் சான்று.

நமக்கு வடகிழக்கே, இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில் பையம்பள்ளி என்னும் சிற்றூர் உள்ளது. 1964-65லும் 1967-68லும் இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்தனர். குழி வீடுகளும், வழவழப்பாகத் தீட்டிய கற்கோடரிகளும், அரைகற்களும் கிடைத்தன. அவற்றோடு கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. இன்றும் நம் இல்லங்களில் கேழ்வரகுக் களிக்குக் கொள்ளுக் குழம்பு வைக்கின்றார்கள் அல்லவா? அக்கொள்ளைப் புதிய கற்கால மக்களே இங்குப் பயிரிட்டுவிட்டனர். களிக்குரிய கேழ்வரகோ கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்தில் முதலில் பயிராகி, பின்னர் கடல் கடந்து வந்தது. ஒரு வட்டிலில் இரு கண்டங்களின் வேளாண்மை கலந்திருப்பதைக் காண்க.

தானியம் மட்கிப் போகாதா என்று நீங்கள் வினவலாம். பச்சைத் தானியம் மட்கும். அடுப்பிலோ தீவிபத்திலோ காற்றுக் குறைவாகக் கருகிய தானியம் கரியாகித் தன் வடிவத்தைக் காத்துக்கொள்ளும். ஆராய்ச்சியாளர் அகழ்ந்த மண்ணை நீரிலிட்டுக் கலக்குவர். மண் அடியில் தங்கும், கரிமணிகள் மிதக்கும். அவற்றைச் சல்லடையில் வடித்து உருப்பெருக்கியின்கீழ் இன்னதெனத் தெளிவர். அவற்றிலுள்ள கதிரியக்கக் கரியை அளந்து காலத்தையும் கணிப்பர். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் முதுமக்கள் தாழி ஒன்றில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது இம்முறையாலேயே.

இங்கே என் பிழை ஒன்றையும் ஒளிக்காமல் உரைக்க வேண்டும். நான் ஆசிரியப் பணியேற்ற சில ஆண்டுகளில், கிணறு வெட்டிய இடத்திலிருந்து ஒரு மாணவன் கருப்பும் சிவப்புமான ஓட்டுச்சில்லும், கருகிய மண்கட்டி ஒன்றும் கொண்டுவந்தான். "வகுப்பறையை ஏன் அழுக்காக்குகின்றாய்? வெளியே எறி" என்றேன். அவன் தலைகுனிந்து எறிந்துவிட்டான். பின்னாளில் அருங்காட்சியகம் ஒன்றில் அத்தகைய சில்லைக் கண்டபோது என் நெஞ்சு சுருக்கென்றது. அக்கட்டியில் தானியம் இருந்ததோ இல்லையோ, இனி ஒருவராலும் சொல்ல இயலாது. அக்கிணறு வெட்டிய இடத்தில் இன்று வீடுகள் எழுந்துள்ளன. தரம் பிரித்து மதிப்பெண் இட்ட என் கைக்கு, அன்று மாணவன் கொணர்ந்ததன் தரம் தெரியவில்லை.

ஆதலின் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். கிணறோ அடித்தளமோ தோண்டுமிடத்தில் சாம்பல் நிற மண்ணையோ, பழைய ஓடுகளையோ, தீட்டிய கல்லையோ கண்டால் அவற்றைக் கிளறாதீர்கள், கழுவாதீர்கள். எந்த இடத்தில், எத்தனை அடி ஆழத்தில் என்று குறித்துக்கொண்டு ஆசிரியரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ தெரிவியுங்கள். இடத்தை விட்டுப் பெயர்ந்த பொருள் பாதி ஊமையாகிவிடும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு சொல். மாணவன் கையில் மண்ணோடு வந்தால், முதலில் அது எங்கே கிடைத்தது என்று கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அதுவே.