மார்கழியில் மலரும் செடிகள்

(ஆனைக்குட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பருத்தியையும் மக்காச்சோளத்தையும் பற்றிப் பேச வருகிறவர் இன்று பூச்செடியைப் பேசுகிறாரே என்று தாங்கள் எண்ணக்கூடும். பனி இறங்கியதும் மல்லிகை அரும்பு கட்டுவது குறைந்துவிடுகிறது, விலையோ ஏறிவிடுகிறது. வாசற் கோலத்துக்கும், கோயிலுக்கும், கூந்தலுக்கும் பூ மிகுதியாக வேண்டப்படுவதும் அதே மார்கழியில்தான். பட்டாசு ஆலையில் வெயிலில் காய்ந்து ஈட்டிய கூலியில் ஒரு பங்கு பூக்கடைக்குப் போகிறது. கொல்லையில் நாலு செடி நின்றால் அச்செலவு மிச்சமல்லவா?

அக்காலத்துக்கென்றே அமைந்தது டிசம்பர்ப் பூ. ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு என நிறங்கள் உண்டு. மணம் இல்லை, மாலைக்குள் வாடியும் விடும். ஆயினும் கரிசலில் இதைப் போல் தொல்லை கொடாத செடியை நான் கண்டதில்லை. முற்றிய தண்டை ஒரு சாண் நீளம் நறுக்கி, ஆனி, ஆடியில் நட்டு, பாத்திரம் கழுவிய நீரைத் திருப்பிவிட்டால் போதும். நெருக்கி நட்டால் வேலியும் ஆகும். தை முடிந்ததும் பாதி உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். அடுத்த ஆண்டு நிறையக் கிளைத்துப் பூக்கும்.

கனகாம்பரம் தலையில் இரண்டு நாள் தாங்கும். ஆனால் தேங்கும் நீர் அதற்கு ஆகாது. முன்பு நான் பணியாற்றிய ஓர் ஊரில், ஐப்பசி மழையில் கரிசற் பள்ளத்தில் அதன் கன்றுகளை நடச் செய்தேன். ஒரு வாரம் தண்ணீர் நின்றது. வேர் அழுகி அத்தனையும் மடிந்தன. பிழை செடியினுடையதன்று, என்னுடையது. மேட்டுப் பாத்தி அமைத்து, செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து, மழைக்கு முன்பே வேர் பிடிக்கும்படி நட்டிருக்க வேண்டும்.

செவ்வந்தி நடுவோர் கவனிக்க வேண்டியது ஒன்று. இரவு நீளும்போதுதான் அச்செடி அரும்பு வைக்கும். தெருவிளக்கின் ஒளி இரவு முழுதும் மேலே விழுந்தால் தழைத்துக்கொண்டே இருக்கும், பூக்கத் தாமதிக்கும். உரம் போதவில்லை என்று மேலும் மேலும் உரமிடுவதில் பயனில்லை. விளக்குக் கம்பத்தை விட்டு விலக்கி நடுங்கள். கம்பம் நடுவதற்கு இடம் குறிக்கும் உறுப்பினர்களும் இதை நினைவிற் கொள்ளலாம்!

அரளியும் ஆண்டு முழுதும் பூக்கும், மாலைக்கு உகந்தது. எனினும் அதன் இலை, பூ, விதை யாவும் நஞ்சு. பள்ளி, அங்கன்வாடி வளாகங்களில் அதை நடுவதற்கு நான் ஒப்பமாட்டேன்.

சாலையோரத்துக்கும் ஓடைக்கரைக்கும் ஆவாரையே போதும். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் நாளில் அதைத் தேடி வெகு தூரம் அலைகிறோம். தரிசைத் திருத்தும்போது சில புதர்களையேனும் வெட்டாமல் விட்டுவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். டிசம்பர்ப் பூவின் தண்டுகள் சில கொண்டுவந்திருக்கிறேன். வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் எடுத்துச் செல்லலாம்.