கோடு சாயும் மாதம்

உலகப் பசிக் குறியீட்டில் 2024-ஆம் ஆண்டு 127 நாடுகளில் இந்தியாவுக்கு 105-ஆவது இடம் என்று செய்தி வந்தது. கணக்கே தப்பு என்றார்கள் சிலர், வெட்கக்கேடு என்றார்கள் சிலர். அந்தச் சண்டையால் கந்தர்வகோட்டைப் பக்கத்துப் பிள்ளை ஒன்றுக்கு ஒரு கரண்டி சத்துமாவுகூடக் கூடுதலாகக் கிடைக்கப் போவதில்லை. நாட்டுக்கு ஓர் எண் தேவைதான், மறுக்கவில்லை. பசியைக் குறைக்க உதவும் அளவு எது என்று கேட்டால், மாதாமாதம் ஒரு பிள்ளையை எடை போடுவதைத்தான் நான் சொல்வேன்.

அதற்கு நம் புதுக்கோட்டை மாவட்டமே சாட்சி. 1980-இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் புதுக்கோட்டையும் சேர்ந்திருந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதம் ஒருமுறை தொங்கும் தராசில் உட்காரவைத்து, எடையை அட்டையில் புள்ளியாக வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடிழுத்துச் சேர்ப்பார்கள். கோடு ஏறினால் சரி. படுத்தாலோ சாய்ந்தாலோ அந்தப் பிள்ளைக்கு மூன்று மாதம் கூடுதல் உணவு, தேறியதும் நிறுத்தம். இந்த இடத்தைக் கவனியுங்கள் நேயர்களே: பிள்ளை எலும்பும் தோலுமாகிற வரை யாரும் காத்திருக்கவில்லை. கொழுகொழுவென்று தெரிகிற பிள்ளைகூட, ஒரு வயிற்றுப்போக்குக்குப் பிறகு எடை ஏறாமல் நின்றால் அட்டை காட்டிக்கொடுத்துவிடும். திட்டம் நடந்த ஊர்களில் கடுமையான எடைக்குறைவு கணிசமாகவே குறைந்தது.

அளந்தால் வயிறு நிறையுமா என்று கேட்பார்கள். 1982-இன் சத்துணவும் 2022-இன் காலை உணவும் பெரிய காரியங்கள். ஆனால் வளர்ச்சி தடைபடுவது பெரும்பாலும் முதல் இரண்டு வயதுக்குள். அந்தப் பிள்ளை பள்ளிப் பந்திக்கு வராது, வீட்டில் இருக்கும். அதற்கு எப்போது கை கொடுக்க வேண்டும் என்பதை எடைதான் சொல்லும். நம் பிள்ளைகள் பரம்பரையாகவே குள்ளம், அயல்நாட்டு அளவுகோல் எதற்கு என்பது அடுத்த கேள்வி. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவுகோலுக்கு அளக்கப்பட்டவர்களில் நம் தெற்கு டெல்லிப் பிள்ளைகளும் உண்டு. தாய்ப்பாலும் நல்ல கவனிப்பும் கிடைத்தபோது நார்வே, கானா, ஓமன் பிள்ளைகளும் அவர்களும் ஏறத்தாழ ஒன்றுபோலவே வளர்ந்தார்கள். தமிழ்நாட்டிலோ ஐந்து வயதுக்கு உட்பட்ட நூறு பிள்ளைகளில் 25 பேருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. அதற்கு முந்தைய ஆய்வில் 27. சத்துணவுக்கு வழிகாட்டிய மாநிலத்துக்கு இது போதவே போதாது.

நேரம் நெருங்கிவிட்டது. இன்று அங்கன்வாடியில் போடும் எடை கைபேசிச் செயலி வழியே மேலே போகிறது. போகட்டும், தாயின் கண்ணிலும் படட்டும். அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் சைக்கிள் ஏறிப் படிக்கப் போன பெண்களின் மாவட்டம் இது, ஒரு கோட்டைப் படிப்பது இங்கே கடினமில்லை. அடுத்த முறை எடை போடும்போது, “போன மாசம் எவ்வளவு டீச்சர், இந்த மாசம் எவ்வளவு?” என்று கேட்டுவிடுங்கள். ஏறவில்லை என்றால், ஏன் என்று கேட்காமல் வீடு திரும்பாதீர்கள்.