ரூபாயின் வீழ்ச்சியும் நம் அடுப்பங்கரையும்





நாணய மதிப்பு என்பது வியாபாரிகளின் கவலை என்றே நம்மில் பலர் எண்ணுகின்றனர். 1966 ஜூன் 6 அன்று, டாலருக்கு 4 ரூபாய் 76 காசாக இருந்த மதிப்பை 7 ரூபாய் 50 காசாக அரசு மாற்றியது. 1991 ஜூலை முதல் வாரத்தில் இரு தவணைகளில் மீண்டும் குறைத்தது. இப்போது அப்படி அறிவிப்பதில்லை. சந்தையே இறக்கி விடுகிறது. 2025 டிசம்பரில் ஒரு டாலர் 90 ரூபாயைத் தாண்டியது.

நம் நாட்டின் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில் வருவது. இந்தோனேசியா, மலேசியாவின் பாமாயிலுக்கு டாலரில்தான் விலை. அங்கே ஒரு காசும் கூடாவிட்டாலும், ரூபாய் தாழ்ந்தால் இங்கே விலை ஏறும். மியான்மரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் வரும் துவரம் பருப்புக்கும் இதே கணக்குத்தான். கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டிற்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம். மணலியில் சுத்திகரித்தாலும் அதன் மூலப்பொருளுக்கு டாலரே கொடுக்க வேண்டும். காசிமேட்டு விசைப்படகின் டீசல் செலவு, உடனே இல்லாவிட்டாலும் பின்னர், மீனின் விலையில் ஏறிவிடுகிறது.

2022-23ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பின்படி, நகரத்துக் குடும்பம் தன் செலவில் ஏறத்தாழ 39 விழுக்காட்டை உணவுக்குக் கொடுக்கிறது. இது சராசரி. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஒப்பந்தக் கூலிக்குச் செல்பவர் வீட்டில் இப்பங்கு இன்னும் பெரிது. விலை ஏறினால் அவ்வீட்டில் அரிசி குறைவதில்லை. மீனும் முட்டையும் பாலும் பருப்பும் குறைகின்றன. வயிறு நிறைந்தாலும் உடலுக்கு வலு இல்லை. எல்லோரும் உண்ட பின் சட்டியைச் சுரண்டும் தாயின் தட்டில்தான் முதல் குறைவு விழுகிறது. அதை அவள் சொல்வதுமில்லை. நியாய விலைக் கடையின் விலையில்லா அரிசியும், 25 ரூபாய் பாமாயிலும், 30 ரூபாய் துவரம் பருப்பும் அவ்வீட்டுக்குப் பெரும் தாங்கல். தேவையற்றவர் அவற்றை வாங்கி வெளியே விற்பது எவ்வளவு பெரிய அநீதி!

பக்கத்து நாடான இலங்கையில் 2022 மார்ச்சுக்குப் பின் ரூபாய் சரிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பொருள்களின் விலை முந்தைய ஆண்டைவிட 94 விழுக்காட்டிற்கு மேல் உயர்ந்திருந்தது. நம் நிலை அவ்வாறில்லை, அல்ஹம்து லில்லாஹ்.

ஹிஜ்ரி 18இல் மதீனாவைப் பஞ்சம் வாட்டியபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் நெய்யை விலக்கி எண்ணெயையே உண்டார்கள். அதனால் அவர்களின் நிறமே மாறியதாக வரலாறு கூறுகிறது. மக்களுக்குக் கிடைக்கும்வரை தமக்கும் நெய் வேண்டாம் என்றார்கள்.

இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரூபாய் தாழ்ந்தால் எல்லோருக்கும் இழப்பில்லை. திர்ஹமும் ரியாலும் டாலருடன் பிணைக்கப்பட்டவை. வளைகுடாவில் சம்பாதிப்பவர் அனுப்பும் அதே தொகை இங்கே கூடுதல் ரூபாயாக வருகிறது. ஒரே தெருவில் அவர் வீட்டில் வரவு கூட, சுமை தூக்குபவர் வீட்டில் குழம்பு நீர்க்கிறது. குழம்பில் நீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கற்பித்தது உங்களுக்குத் தெரியும். இன்று அந்தக் கூடுதல் ரூபாயில் அண்டை வீட்டாருக்கும் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன். மளிகைக் கடைக்காரச் சகோதரர்களே! நாளை விலை ஏறும் என்று எண்ணெய் டின்களைப் பதுக்குபவர் பாவி என்பது நபிமொழியின் தீர்ப்பு.

ஸதக்கத்துல் ஃபித்ரைப் பாருங்கள். அதன் அளவு நாணயத்தில் இல்லை, தானியத்தில் இருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் ஊரின் பிரதான உணவில் ஒரு ஸாஉ. ஹனஃபி மத்ஹபில் கோதுமையானால் அரை ஸாஉ. அதன் விலையைப் பணமாகவும் கொடுக்கலாம். நாணயம் எவ்வளவு தாழ்ந்தாலும் ஏழையின் தானியம் குறையாது. ஆனால் சென்ற ஆண்டு அறிவித்த ரூபாயையே இவ்வாண்டும் அறிவித்தால், குறைவது அவன் பங்குதான். எனவே நிர்வாகிகள் ரமளான் பிறந்ததும் நம் கடைவீதிக்குச் சென்று, அன்றைய சில்லறை விலையை விசாரித்து, அதன்படி தொகையை அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.